ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள்

எந்த ஆம்ப்ளிஃபையர் வாங்கலாம் என்று கேட்டு வருகிற நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் ஸ்பீக்கர் சுவரைவிட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைத்தான். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: டிவிக்கு இரு பக்கமும், ஷோகேஸ் தட்டுக்குள், சுவரை ஒட்டி. சில வீடுகளில் ஒன்று ஜன்னல் திண்டில் இருக்கும், இன்னொன்று பீரோவின் தலையில் இருக்கும். எத்தனை ஆயிரம் போட்டு வாங்கிய ஸ்பீக்கராக இருந்தாலும் அந்த இடத்தில் அதனால் பாட முடியாது. வயரை மாற்றுவது, ஆம்ப்ளிஃபையரை மாற்றுவது எல்லாம் அப்புறம். முதலில் அதைத் தட்டிலிருந்து இறக்கி, வெளியே இழுத்து, ஒரு சாண் இப்படி, ஒரு சாண் அப்படி நகர்த்திக் கேளுங்கள். அதில் வரும் மாற்றம் காசு கொடுத்து வாங்கக்கூடிய பல மாற்றங்களைவிடப் பெரியது.

நம் காதுக்கு வருவது ஸ்பீக்கரின் ஒலி மட்டும் அல்ல, அறையின் ஒலியும்தான். தாழ்ந்த சுரங்களில் அறையின் பங்கு ஸ்பீக்கரின் பங்கைவிடக் கூடுதல். இங்கே நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த விஷயத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் மிகப் பல அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அறைந்த சுவர், தரையில் பல வீடுகளில் கார்ப்பெட். தாழ்ந்த ஒலி அந்தப் பலகையை அசைக்கும், கொஞ்சம் அதிலேயே கரையும், கொஞ்சம் அதைத் தாண்டி வெளியே போய்விடும். நம் வீட்டில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட் தளம், கீழே மொசைக் அல்லது டைல்ஸ். உள்ளே போன ஒலிக்கு வெளியேற வழியே இல்லை. அவர்கள் கடைசியில் கவனிக்கச் சொல்வதை நாம் முதலில் கவனிக்க வேண்டியிருக்கிறது.

கோயம்புத்தூரில் நான் பாட்டுக் கேட்கும் அறையை வைத்தே சொல்கிறேன். அகலம் 3.5 மீட்டர், நீளம் 4.2, உயரம் 3. பதினொன்றரை அடிக்குப் பதினாலடி என்று வைத்துக்கொள்ளலாம். நடுத்தரக் குடும்பத்து வீட்டில் ஒரு படுக்கையறை ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கும். இங்கே கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதக் கச்சேரிப் பதிவுகளும் பழைய திரைப்பாடல்களும். என் கணக்குகளுக்கெல்லாம் இதுதான் ஆதாரம். உங்கள் அறைக்கு எண்கள் மாறும், போகிற வழி மாறாது.

முதலில் இரண்டு ஸ்பீக்கர் எதற்கு என்பது. லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த ஆலன் புளும்லைன் என்ற பொறியாளர் 1931 டிசம்பர் 14 அன்று ஒரு காப்புரிமை விண்ணப்பம் கொடுத்தார். பேசும் படம் பார்க்கப் போயிருந்தபோது நடிகர் திரையின் ஓரத்துக்கு நடந்துபோன பிறகும் குரல் ஒரே இடத்திலிருந்து வந்தது அவரை உறுத்தியது என்று சொல்வார்கள். இன்று நாம் ஸ்டீரியோ என்கிற ஏற்பாட்டின் அடிப்படை அந்த விண்ணப்பத்தில் இருக்கிறது. 1934-ல் அபே ரோடு ஸ்டுடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய மொசார்ட் ஒத்திகையை அவர் இரண்டு தடத்தில் பதிவும் செய்தார். எட்டு ஆண்டு கழித்து, ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, 38 வயதில் இறந்துபோனார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததையெல்லாம் அவர் பார்க்கவில்லை. இத்தனை பெரிய காரியம் செய்தவரின் பெயர் பாட்டுக் கேட்கிறவர்களில் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு.

ஸ்டீரியோ நம் காதுக்குக் காட்டுவது ஒரு தோற்றம். இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், பாடகர் உட்கார்ந்திருப்பதுபோல் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு பெட்டியிலிருந்தும் ஒலி ஒரே நேரத்தில், ஒரே அளவில் காதுக்கு வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். என் அறையில் ஒரு பக்கம் 1.75 மீட்டர். உட்காரும் இடத்திலிருந்து தலையை ஓரடி பக்கவாட்டில் நகர்த்தினால் ஒரு ஸ்பீக்கர் இன்னொன்றைவிட ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் கிட்டே வந்துவிடுகிறது. நேரத்தில் அது ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. ஆனால் நடுவில் இருந்த பாடகர் கிட்டே இருக்கும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ள அதுவே போதும். அதனால் இரு பக்கத் தூரத்தையும் கண்ணளவில் விடக் கூடாது. ஒரு நைலான் கயிற்றை நாற்காலியில், தலை வரும் இடத்தில் கட்டி, இரண்டு ட்வீட்டருக்கும் (பெட்டியில் உயர்ந்த ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) இழுத்துப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்கூடத் தெரிந்துவிடும். இஞ்ச் டேப்பைவிட எனக்குக் கயிறுதான் வசதி.

நகர்த்தத் தொடங்குவதற்கு முன் வயரைப் பாருங்கள். சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் பார்க்க வேண்டும். ஒன்று மாறியிருந்தாலும், தாழ்ந்த ஒலியைத் தரும் பெரிய கூம்புகளான இரண்டு வூஃபரும் எதிரெதிராக வேலை செய்யும். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி காணாமல் போகும், குரலுக்கு இருப்பிடமே இருக்காது. செய்தி வாசிப்பது போன்ற ஒற்றைக் குரலை மோனோவில் போட்டால் அது நடுவில், ஒரு முகத்தின் அகலத்துக்குள் நிற்க வேண்டும். அறை முழுக்கப் பரவிக் கேட்டால் முதலில் வயரைச் சரிசெய்யுங்கள். அதற்கு முன்னால் எதை நகர்த்தினாலும் வீண்.

இனி பேஸ். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 348 மீட்டர் போகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 35 சென்டிமீட்டர் நீளம். 50 ஹெர்ட்ஸ் அலை ஏழு மீட்டர். என் அறையின் அகலம் மூன்றரை மீட்டர், அதாவது அந்த அலையில் சரியாகப் பாதி. இரண்டு சுவருக்கும் நடுவில் அது போய்த் திரும்பும்போது, திரும்பியதும் புதிதாக வருவதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அறையில் சில இடங்களில் மலைபோல் குவிகிறது. சில இடங்களில் அடியோடு இல்லாமல் போகிறது. இதற்கு ரூம் மோடு என்று பெயர். ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் முதல் மோடு கிடைக்கும். அதன் இரட்டிப்பில் இரண்டாவது, மும்மடங்கில் மூன்றாவது. என் அறையில் அகலத்துக்கு 50, 99, நீளத்துக்கு 41, 83, உயரத்துக்கு 58.

இந்த 99-ஐப் பாருங்கள். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அதன் மந்திர ஸ்தாயிப் பஞ்சமம் 98. தோடியோ பைரவியோ பாடகர் கீழே இறங்கி மந்திரப் பஞ்சமத்தில் கார்வை கொடுத்து நிற்கும்போது, அந்த ஒரு சுரத்தை மட்டும் என் அறை பிடித்துக்கொண்டு ஊதிவிடும். மற்ற சுரங்கள் ஒரு பலத்தில், பஞ்சமம் வேறொரு பலத்தில். பாடகர் அப்படிப் பாடவில்லை, பதிவிலும் அப்படி இல்லை. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்கும் இதே கதிதான். கும்கி கொடுத்து மேலேற்றும் ஒலி அறையின் மோடில் சிக்கியதும் ‘பொம்’ என்று ஒரே சுருதியில் நீண்டுவிடுகிறது. பல வீடுகளில் பேஸ் நிறைய வருகிறது என்று பெருமையாகச் சொல்வது உண்மையில் இதுதான். அது பேஸ் இல்லை. ஒரே ஓர் அதிர்வெண்ணில் அறை போடும் சத்தம்.

இதைச் சரிசெய்யப் பஞ்சும் பலகையும் வாங்குவதற்கு முன் இன்னொரு வழி இருக்கிறது. மோடு ஒன்றுக்கு மலைகள் எங்கே, பள்ளங்கள் எங்கே என்பது கணக்கில் தெரிந்த விஷயம். பள்ளத்தில் ஸ்பீக்கரை வைத்தால் அந்த மோடை அதனால் எழுப்ப முடியாது. அகலத்தின் இரண்டாவது மோடுக்குப் பள்ளம் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் இருக்கிறது. மூன்றரை மீட்டரில் கால் பங்கு என்றால் 87 சென்டிமீட்டர். ஆகவே வூஃபரின் மையம் பக்கச் சுவரிலிருந்து 87 சென்டிமீட்டரில் வரும்படி இரண்டு ஸ்பீக்கரையும் வைத்தேன். பஞ்சமத்தின் ஊதல் அடங்கியது. முதல் மோடான 50 ஹெர்ட்ஸ் தானாகவே அடங்கிவிடும். ஏனென்றால் அதில் அறையின் இடப்பாதி ஏறும்போது வலப்பாதி இறங்குகிறது. இரு பாதியிலும் சமதூரத்தில் நின்று ஒரே பேஸைப் பாடும் இரண்டு ஸ்பீக்கர்கள் அதை ஒன்றையொன்று அழித்துவிடும். அறையின் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் சமமாக வைக்கச் சொல்வதில் அழகைவிட இந்த லாபம்தான் பெரிது. முக்கோணத்தின் பக்கம் 1.75 மீட்டர் என்று சொன்னேன் அல்லவா, அதுவும் இந்தக் கால் பங்குக் கணக்கில் வந்ததுதான்.

அடுத்தது ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சுவர். வூஃபரிலிருந்து பின்பக்கம் போகும் தாழ்ந்த ஒலி சுவரில் பட்டு முன்னால் வரும். வரும்போது அரை அலை பிந்தி வந்தால், நேராக வரும் ஒலியை அடித்துவிடும். எந்த அதிர்வெண்ணில் என்றால், 348-ஐச் சுவர்த் தூரத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். நம்மில் பலர் வைக்கும் இரண்டடியில் அது 143 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் மந்திரப் பஞ்சமம் 147. அந்த அம்மையாரின் குரல் கீழே இறங்கும்போது உடம்பு இல்லாமல், வெறும் மூச்சும் சொல்லுமாகக் கேட்பதற்கு அந்த இரண்டடி ஒரு முக்கியக் காரணம். வூஃபரை நாலடி வெளியே இழுத்தால் அந்தப் பள்ளம் 71 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். குரல் எதுவும் அங்கே வராது. நான் 1.2 மீட்டரில் வைத்திருக்கிறேன். இதே கணக்கு தரைக்கும் பக்கச் சுவருக்கும் உண்டு. மூன்று தூரமும் ஒன்றுபோல் அமைந்தால் மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழும். வெவ்வேறாக இருந்தால் பகிர்ந்து போகும்.

1.2 மீட்டர் முன்னால் ஸ்பீக்கர், அங்கிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி என் நாற்காலி. பின்சுவருக்கு இன்னும் ஒன்றரை மீட்டர் மிச்சம். முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கேட்பது எவ்வளவு சுகமானாலும் அது வேண்டாம். சுவரோரம் எல்லா மோடுக்கும் மலை உச்சி. அறையின் நட்டநடுவும் வேண்டாம். அங்கே முதல் மோடு அடியோடு இருக்காது. நீளத்தின் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகப் பின்சுவரிலிருந்து வந்தால் பெரும்பாலும் நன்றாக அமைகிறது. பிறகு நாற்காலியை நாலு விரற்கடையாக முன்னும் பின்னும் நகர்த்திக் காதால் முடிவு செய்ய வேண்டியதுதான்.

பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அறையில் அகலம், நீளம், உயரம் மூன்றின் முதல் மோடும் 57 ஹெர்ட்ஸில் ஒன்றாகக் குவியும். வேறு அறை இருந்தால் அங்கே போங்கள். இல்லையென்றால் பெரிய வூஃபர் வேண்டாம், சின்ன ஸ்பீக்கராக வாங்குங்கள். அந்த 57-ஐ அதனால் பலமாக எழுப்ப முடியாது. சப்வூஃபர் (பேஸுக்கென்றே தனியாக வரும் பெட்டி) வைத்தே தீர வேண்டும் என்பவர்கள் அதை எடுத்து உட்காரும் இடத்தில் வைத்து, ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய், எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை மாற்றுங்கள். ஒலி போகும் பாதை எந்தப் பக்கமிருந்து போனாலும் ஒன்றுதான் என்பதால் இந்த முறை சரியாக வேலை செய்கிறது.

நடைமுறைக்கு வருவோம். நாலடி வெளியே ஸ்பீக்கர் நின்றால் வீட்டில் நடக்க வழி எங்கே? துணி மடிக்கவும் பிள்ளைகள் படிக்கவும் அதே அறைதான். அதனால் ஸ்பீக்கருக்கு என்றே ஒரு நிரந்தர இடம் கேட்காமல், கேட்கும் நேரத்துக்கு மட்டும் இடம் கேட்டேன். தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஸ்டாண்டின் நாலு மூலையையும் குறித்து வைத்திருக்கிறேன். ஸ்டாண்டின் அடியில் ஃபெல்ட் ஒட்டியிருப்பதால் மொசைக்கில் சத்தமில்லாமல் நகரும். கேட்டு முடித்ததும் சுவரோரம் போய்விடும். இந்த ஏற்பாட்டில் வீட்டில் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

இனி எக்கோ. அறையில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு கம்பி அதிர்வதுபோல் கேட்டால், இரண்டு மொட்டைச் சுவர் எதிரெதிரே நின்று ஒலியைத் தள்ளி விளையாடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியரிடம் 1895-ல் ஒரு வேலை கொடுத்தார்கள். ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அறையில் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்தரை நொடி சுற்றிக்கொண்டிருந்தது. சபைன் பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் எடுத்து வந்து, அறையில் பரப்பி, ஒரு ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி காதில் அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விடும். இப்படிப் பிறந்ததுதான் அறையின் கன அளவை அது உறிஞ்சும் அளவால் வகுத்து 0.161-ஆல் பெருக்கி, ஒலி அடங்கும் நேரத்தைக் காணும் சூத்திரம். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அந்தக் கணக்கை வைத்துக் கட்டப்பட்டது.

அந்தச் சூத்திரத்தை என் அறைக்குப் போட்டேன். கன அளவு 44 கனமீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்துப் பரப்பு 75 சதுர மீட்டருக்குச் சற்று மேல். சிமென்ட் பூச்சும் மொசைக்கும் தங்கள் மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உறிஞ்சும். கணக்குப்படி வெறும் அறையில் ஒலி மூன்று நொடி நிற்கும். பாட்டுக் கேட்க வசதியானது அரை நொடிக்குக் கீழே. 0.4 நொடிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 18 சதுர மீட்டர் அளவுக்கு முழுதாக உறிஞ்சும் பொருள் வேண்டும். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் சபைன் தன் அளவுக்கு எடுத்துக்கொண்ட அலகு என்ன தெரியுமா? திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராது, அதனால் திறந்த ஜன்னலின் பரப்பு முழுவதும் உறிஞ்சும் பரப்புதான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும் நமக்கு நாலடிக்கு நாலடி ஜன்னல் ஒன்று ஒன்றரை சதுர மீட்டர் தந்துவிடுகிறது, தெருச் சத்தமும் பக்கத்து வீடும் அனுமதித்தால்.

மீதிக்கு வீட்டிலேயே பொருள் இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை மடிக்காமல் பின்சுவரில் சாய்த்து நிறுத்தினேன். கைதட்டலில் இருந்த கம்பிச் சத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது. கனமான திரைச்சீலையை இரட்டைச் சுருக்கத்தில், சுவரைவிட்டு நாலைந்து விரல் தள்ளித் தொங்கவிட வேண்டும். தட்டையாக இழுத்து மாட்டினால் பாதிப் பயன்தான். கதவில்லாத புத்தக அலமாரி, அதிலும் பைண்டு செய்த பழைய இதழ்களும் மெல்லிய புத்தகங்களும் கலந்து உள்ளும் வெளியுமாக இருக்கும் அலமாரி, ஒலியை நாலாபக்கமும் சிதறடிக்கும். பவானி ஜமக்காளத்தை முன்னால் விரிக்கலாம். விரித்தால் ட்ரெபிளின், அதாவது உயர்ந்த ஒலியின், கூர்மை தணியும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது, அது மெல்லியது. முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மெல்லிய அட்டைக்குத் தாழ்ந்த சுரங்களை உறிஞ்சும் சக்தி கிடையாது. உயர்ந்த ஒலியைக் கொஞ்சம் தின்றுவிட்டு அறையை இன்னும் மந்தமாக்கும், தூசியும் கரப்பானும் சேரும்.

எல்லாச் சுவரையும் மூட வேண்டியதில்லை, மூடவும் கூடாது. எது முக்கியம் என்று கண்டுபிடிக்க ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். இன்னொருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரில் உங்கள் காது உயரத்தில் வைத்து நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் ஸ்பீக்கரின் முகம் கண்ணாடியில் தெரிகிறதோ அங்கேதான் முதல் எதிரொலி பிறக்கிறது. என் அறையில் அந்த எதிரொலி நேர் ஒலிக்குப் பின்னால் நாலு மில்லிநொடிக்குள் வந்துவிடுகிறது. இவ்வளவு கிட்டே வருவதைக் காது தனி எக்கோவாகப் பிரிக்காது. முதலில் வந்த ஒலியோடு சேர்த்துக்கொண்டு, முதலாவது வந்த திசையையே நம்பும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் தன் ஆய்வில் விளக்கமாகக் காட்டியது இது. ஆனால் சேர்த்துக்கொள்வதால் குரலின் நிறம் மாறுகிறது. சிலருக்கு இந்தப் பக்க எதிரொலி பிடிக்கும். மேடை அகலமாகத் தெரியும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெடுங்காலம் கேட்புச் சோதனைகள் நடத்திய ஃபிலாய்ட் டூல் பக்க எதிரொலி பலருக்கு இன்பமாகவே இருக்கிறது என்பவர். எனக்குத் திரைப்பாடலில் அந்த அகலம் பிடிக்கிறது. கச்சேரியில் பிடிக்கவில்லை, பாடகர் வாயைவிட்டு வயலின் விலகி நிற்பது கொஞ்சம் குழம்புகிறது. ஆகவே கழற்றி மாட்டும்படி இரண்டு சட்டம் செய்து, உள்ளே நாலு அங்குல ராக் வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) வைத்து, காடாத் துணி தைத்துப் போர்த்திப் பக்கச் சுவரில் ஆணி அடித்திருக்கிறேன். கச்சேரிக்கு மாட்டுவேன், மற்ற நேரம் கழற்றிவிடுவேன்.

உயரம் பற்றி நம் வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. எந்தக் காது உயரம்? நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு மீட்டருக்குப் பக்கம். என் அம்மா பாயில் சம்மணமிட்டுத்தான் கேட்பார். அப்போது காது தரையிலிருந்து எழுபது சென்டிமீட்டரைச் சுற்றித்தான் வரும். அவர் கேட்கும்போது ஸ்டாண்டின் முன்பக்கம் தாழும்படி பின்கால்களுக்கு அடியில் மரச் சக்கை கொடுத்து ஸ்பீக்கரைக் குனிய வைக்கிறேன். முதல் நாள் அப்படி வைத்ததும், “இப்பத்தான்டா அவர் கீழ எறங்கி நம்மகூட உக்கார்ந்து பாடறார்” என்றார். ட்வீட்டரின் ஒலி குறுகிய பாதையில் நேராகப் போகும். தலைக்கு மேலே அது போய்விட்டால் தம்புராவின் ரீங்காரத்தில் மேல் ஸ்வரங்கள் தேய்ந்துவிடும். சோதனைக்குத் தம்புராவைவிட நல்ல பதிவு எனக்குத் தெரியவில்லை. மீட்டிய பிறகு ஒவ்வொரு கம்பியிலும் மேலெழும் அந்தச் சிதறல் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றுபோல் கேட்க வேண்டும்.

ஸ்டாண்ட் கனமாக இருக்க வேண்டும், ஆடக் கூடாது. கிரானைட் கடையில் வெட்டி எறிந்த துண்டு இரண்டை மலிவாக வாங்கி அடியில் போட்டால் அசையாது. அறைக்குள் இருக்கும் பீரோ கதவு, எவர்சில்வர் பாத்திரம், தொங்கும் காலண்டர் எல்லாம் பேஸுக்குச் சேர்ந்து அதிரும். தாழ்ந்த ஒலியை மெதுவாக ஏற்றிக்கொண்டே போய், எது கடகடக்கிறதோ அதற்கு ஃபெல்ட் வையுங்கள்.

ஸ்பீக்கரை உள்பக்கம் எவ்வளவு திருப்புவது என்பதை நான் கடைசியில்தான் முடிவு செய்வேன். நேராகக் காதை நோக்கித் திருப்பினால் நடுக்குரல் கூர்மையாகும், ட்ரெபிள் கூடும். கொஞ்சம் வெளியே விட்டால் மேடை விரியும். சோபாவில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்கும் வீட்டுக்கு, இரண்டு ஸ்பீக்கரின் பார்வையும் கேட்பவருக்கு முன்னாலேயே சந்தித்துக் குறுக்கே போகும்படி நன்றாக உள்ளே திருப்பிவிடுவது நல்லது. இடது ஓரத்தில் இருப்பவருக்கு இடது ஸ்பீக்கர் கிட்டே இருந்தாலும் அது அவரைப் பார்க்காது. தூரத்து வலது ஸ்பீக்கர் அவரை நேரே பார்க்கும். நேரத்தில் இழந்ததைப் பலத்தில் ஈடுகட்டுவதால் பாடகர் ஓரளவு நடுவிலேயே நிற்பார். நல்ல ஸ்டீரியோவில் பதிவான கச்சேரியைப் போட்டுச் சரிபாருங்கள். மேடையை நோக்கி உட்கார்ந்தால் வழக்கமாக மிருதங்கம் நமக்கு இடப்பக்கம், வயலின் வலப்பக்கம், பாடகர் நடுவில். அப்படியே கேட்க வேண்டும்.

இரவில் ஒரு பிரச்சினை தனியாக வரும். பத்து மணிக்கு மேல் ஒலியைக் குறைத்ததும் பேஸ் காணாமல் போவதுபோல் இருக்கும். ஸ்பீக்கர் மேல் தவறில்லை, நம் காது அப்படி. ஒலி குறையக் குறையத் தாழ்ந்த சுரங்களைக் காது வேகமாக விட்டுவிடுகிறது. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-ல் இதை வளைகோடாகவே வரைந்து வெளியிட்டார்கள். இதற்காக என் தரையில் இன்னொரு டேப் குறி இருக்கிறது, சுவருக்கு இன்னும் கிட்டே. அங்கே தள்ளிவிட்டால் சுவர் பேஸைச் சில டெசிபல் தூக்கிக் கொடுக்கும். நாற்காலியையும் அதே அளவு முன்னால் இழுத்துக்கொள்வேன். குறைந்த ஒலியில் அந்தத் தூக்கல் அளவாகவே கேட்கிறது. பகலில் அதே இடத்தில் கேட்டால் பொறுக்காது. பேஸை ஆம்ப்ளிஃபையரில் ஏற்றிவைக்கத் தேவையில்லாமல் போகிறது. ஃபேனை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மே மாதத்தில் அதை நிறுத்திவிட்டுக் கேள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். பழைய பேரிங்கை மாற்றி, இறக்கைகளின் ஆட்டத்தை எடுத்துவிட்டால் இரண்டாம் எண் வேகத்தில் தம்புராவை மறைக்காத அளவுக்கு அடங்குகிறது.

இத்தனையும் முடிந்த பிறகுதான் அளந்து பார்த்தேன். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசம். யுஎஸ்பியில் மாட்டும் அளவை மைக் ஒன்று வேண்டும். நான் வைத்திருப்பது மினிடிஎஸ்பியின் யூமிக்-1. ஸ்பீக்கர் கீழிருந்து மேலாக ஒரு ஊளை போடும், அறை என்ன செய்கிறது என்று திரையில் கோடு வரும். ஷோகேஸ் தட்டில் வைத்து எடுத்த கோட்டையும் டேப் குறியில் வைத்து எடுத்த கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவை ஒரே ஸ்பீக்கர் என்றே நம்ப முடியாது. மேட்டை, குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்வலைசரில் குறைக்கலாம். பள்ளத்தை நிரப்ப முயலக் கூடாது; எவ்வளவு பலம் கொடுத்தாலும் சுவரிலிருந்து அதே பலத்தில் திரும்பி வந்து அழிக்கும், ஆம்ப்ளிஃபையர்தான் திணறும்.

என் கோட்டில் மிஞ்சியிருந்தது 41 ஹெர்ட்ஸில் ஒரு மேடு, நீளத்தின் முதல் மோடு. அதை மட்டும் ஆறு டெசிபல் குறைத்திருக்கிறேன். அதோடு தவிலின் அடியில் மூடியிருந்த கனம் விலகி, ஒவ்வொரு அடியும் தனித்தனியாக எண்ணக் கேட்கிறது. பின்சுவர் மூலை இரண்டிலும் தரையிலிருந்து கூரை வரை இரண்டடி தடிமனில் ராக் வூல் அடுக்கினால் அந்த ஆறு டெசிபலில் ஒரு பகுதியாவது குறையும். தச்சரிடம் சட்டத்துக்கு அளவு கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாட்டியதும் முதல் வேலையாக நாற்காலியின் இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். மூலை மாறினால் அதுவும் மாறும்.